பிஸ்டலுக்கு எந்த எண்ணெய்?

உரிமம் பெற்று செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல் வைத்திருப்பவர்கள் தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் பக்கமே போக வேண்டாம். தாவர எண்ணெய் நாளடைவில் பிசின்போல் இறுகி, ஸ்லைடைப் பிடித்துக்கொள்ளும். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டத்தான் உருவானது. உராய்வைத் தாங்கும் படலம் நெடுநாள் நிற்காது.

துப்பாக்கிக்கென்றே விற்கும் மெல்லிய எண்ணெய்தான் என் தேர்வு. ஸ்லைடு ஓடும் ரெயில்களில் கிரீஸும் போடலாம். அது வழியாமல் நிற்கும். ஆனால் கடுங்குளிரில் கெட்டிப்பட்டு ஸ்லைடின் வேகத்தைக் குறைக்கும். புழுதி மிகுந்த இடத்தில் எதைப் போட்டாலும் மிகக் குறைவாகவே போடுங்கள், மணல் ஒட்டிக்கொள்ளும்.

முதலில் மேகசினைக் கழற்றி, சேம்பரில் தோட்டா இல்லையென்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். கழற்றித் துடைத்தபின் ரெயிலுக்கு ஒரு சொட்டு, பேரலின் வெளிப்புறம் லேசான பூச்சு. உலோகம் உரசி மினுமினுக்கும் இடங்களே எண்ணெய் கேட்கும் இடங்கள். ஃபயரிங் பின் துவாரத்தில் மட்டும் விடாதீர்கள். கரியோடு குழைந்து பின்னை மந்தமாக்கும். தோட்டாவிலும் எண்ணெய் படக்கூடாது: பிரைமருக்குள் கசிந்தால் வெடிக்காமலே போகலாம்.