சட்டமும் சாளரமும்

வறியோர்க்கு அரசு தரும் உதவி இரண்டு முறை பிறக்கிறது. சட்டமன்றத்தில் எழுத்தாகப் பிறக்கிறது. பிறகு ஏதோ ஓர் ஊரின் அலுவலகச் சாளரத்தில் உணவாகவும் மருந்தாகவும் மாறி, உரியவர் கைக்கு வருகிறது. சட்டம் மாறும்போது சாளரம் எவ்வாறு மாறுகிறது? மாறுவதற்கு அது எடுத்துக்கொள்ளும் காலத்தில் துன்புறுவோர் யார்? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் புள்ளியியல் பயிலும் மாணவன்; அரசியல் நூல்களை முறையாகக் கற்றவனல்லன். ஆயினும், ஒரு விதியினால் எத்தனை பேர் தவறாகச் சேர்க்கப்பட்டனர், எத்தனை பேர் தவறாக விடப்பட்டனர் என்று எண்ணிப் பார்ப்பது எங்கள் துறையின் வேலை. அவ்வழியாகவே இப்பொருளுக்குள் நுழைந்தேன். எடுத்துக்காட்டாக அமெரிக்க ஐக்கிய நாட்டைக் கொள்கிறேன். அங்கே சட்டம் ஒன்று; அதனை நடத்தும் மாநிலங்கள் 50. ஒரே விதி பல கைகளில் சென்று என்ன ஆகிறது என்பதை அங்கே நன்கு காணலாம்.

பணம் ஓரிடம், பணி வேறிடம்

ஏழையைக் காப்பது ஊராரும் தருமச் சங்கங்களும் மாநிலங்களும் பார்த்துக்கொள்ளும் காரியம் என்றே அந்நாடு நெடுங்காலம் கருதிவந்தது. 1930களின் பெருமந்தத்தில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் வேலையிழந்து நின்றபோது அந்த ஏற்பாடு தாங்கவில்லை. 1935 ஆகஸ்டு 14ஆம் நாள் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன்படி தொழிலாளரின் முதுமை ஓய்வூதியத்தை மத்திய அரசே நேராக நடத்தியது. ஆதரவற்ற குழந்தைகளுக்கான உதவி போன்றவற்றுக்கு வேறு வழி வகுக்கப்பட்டது. மத்திய அரசு செலவில் ஒரு பங்கைக் கொடுக்கும். விதிகளின் எல்லையை வகுக்கும். திட்டத்தை நடத்துவது மாநிலத்தின் பொறுப்பு.

1964ஆம் ஆண்டின் உணவு முத்திரைச் சட்டமும், 1965இல் தோன்றிய மெடிக்கெய்ட் என்னும் ஏழையர் மருத்துவத் திட்டமும் இவ்வழியையே பின்பற்றின. உணவு முத்திரைத் திட்டம் 2008 முதல் ஸ்நாப் என்னும் பெயரால் வழங்குகிறது. கலிபோர்னியா, நியூயார்க், ஒஹையோ போன்ற மாநிலங்களில் பொறுப்பு இன்னும் ஒரு படி இறங்கி, நம் மாவட்டத்தைப் போன்ற கவுண்டியின் கைக்குப் போகிறது. விதி செய்பவர் வாஷிங்டனில் இருக்கிறார். விண்ணப்பத்தைப் படிக்கும் எழுத்தர் கவுண்டி அலுவலகத்தில் இருக்கிறார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை.

ஓர் இலக்கம் மாறினால்

இந்தத் தூரத்தை ஒரு சிறு உதாரணத்தால் அளக்கலாம். சிறு குழந்தைகள் இல்லாத, உடல் வலுவுள்ள பெரியவர்கள் தாம் வேலை செய்வதைக் காட்டாவிட்டால், மூன்றாண்டுகளில் மூன்று மாதம் மட்டுமே உணவு உதவி பெறலாம் என்பது 1996இல் வந்த விதி. அவ்விதிக்கு உட்பட்டோரின் வயது 54 வரை என்றிருந்ததை, 2025 ஜூலை 4ஆம் நாள் கையெழுத்தான சட்டம் 64 வரை என்று உயர்த்தியது. எண்ணில் மாறியது ஓர் இலக்கம்.

அலுவலகத்தில் மாறவேண்டியவை எவை? எழுத்தர் பார்த்து நடக்கும் கையேடு மாறவேண்டும். விண்ணப்பப் படிவம் மாறவேண்டும். தகுதியைக் கணக்கிடும் கணிப்பொறி நிரல் மாறவேண்டும். எழுத்தருக்குப் பயிற்சி தரவேண்டும். அறுபது வயதுக் கிழவருக்கு, 'இனி நீங்களும் வேலைக் கணக்குக் காட்டவேண்டும்' என்று விளங்கும்படி கடிதம் போகவேண்டும். இவ்வைந்தையும் செய்பவர்கள் வெவ்வேறு மனிதர்கள். சட்டம் ஒரு நாளில் நடைமுறைக்கு வரும். இவை ஐந்தும் ஒரே நாளில் வந்து சேர்வதில்லை.

அப்படியானால் இடைப்பட்ட நாட்களின் பாரத்தை யார் சுமப்பது? அலுவலகமா, சாளரத்துக்கு வெளியே நிற்பவரா? மாறும் கொள்கைகளுக்கு ஓர் அலுவலகம் நன்றாக இசைந்ததா இல்லையா என்பதை இந்த ஒரு கேள்வியால் அறியலாம் என்பது என் கருத்து. நியூயார்க் நகரத்து வழக்கு ஒன்றில் அமெரிக்க உச்சநீதிமன்றம் 1970இல் இக்கேள்விக்கு ஒரு விடை கூறியது. பண உதவி பெறும் ஒருவருடைய உதவியை நிறுத்துவதற்கு முன்பே அவர் தரப்பைக் கேட்டாகவேண்டும் என்பதே அத்தீர்ப்பு. முதலில் நிறுத்திவிட்டுப் பிறகு கேட்பது போதாது. ஏனெனில், அந்த இடைவேளையில் அவருக்கு உண்ண வழியிராது.

ஒரே பிழை, இருமுறை

1996 ஆகஸ்டு 22இல் குடியரசுத் தலைவர் கிளிண்டன் கையெழுத்திட்ட சட்டம், 1935 முதல் நடந்துவந்த குழந்தைகள் உதவித் திட்டத்தை முடித்தது. அதற்கு ஈடாக மாநிலங்கள் அனைத்துக்கும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 1,650 கோடி டாலர் மொத்த மானியமாக வகுக்கப்பட்டது. விலைவாசி ஏறினாலும் ஏறாத தொகை அது. ஒரு குடும்பம் மத்தியப் பணத்திலிருந்து வாழ்நாளில் பொதுவாக 60 மாதங்களே உதவி பெறலாம் என்ற வரம்பும் வந்தது. தொகையைக் கணக்கிட்டு வந்த எழுத்தர், இனி வேலை தேடித் தருபவராகவும் ஆகவேண்டியதாயிற்று.

அச்சட்டத்தில் அமைதியான மாறுதல் ஒன்றும் இருந்தது. அதுவரை பண உதவி பெறும் குடும்பத்துக்கு மெடிக்கெய்ட் தானாகவே கிடைத்துவந்தது. புதிய சட்டம் இரண்டையும் பிரித்தது. பண உதவி நின்றாலும் மருத்துவ உதவிக்குத் தகுதி நீடிக்கலாம் என்பது சட்டத்தின் கருத்து. கணிப்பொறிக்கோ அக்கருத்துப் போய்ச் சேரவில்லை. பல மாநிலங்களில் ஒரு கோப்பு மூடப்பட்டதும் மற்றதும் உடன் மூடப்பட்டது. வேலை கிடைத்துப் பண உதவியை விட்ட தாய்மார், தகுதி இருந்தும் மருத்துவ உதவியை இழந்தனர். தவறாக நீக்கப்பட்டோரைக் கண்டுபிடித்து மீண்டும் சேர்க்குமாறு மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது 2000ஆம் ஆண்டு ஏப்ரலில்.

அப்பாடம் நெஞ்சில் பதிந்ததா? அடுத்து நடந்ததைப் பாருங்கள். 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றுப் பரவியபோது, மெடிக்கெய்டிலிருந்து யாரையும் நீக்கக்கூடாது என்ற நிபந்தனையுடன் மாநிலங்களுக்குக் கூடுதல் பணம் வழங்கப்பட்டது. 2023 மார்ச் 31உடன் அந்நிபந்தனை முடிந்தது. அப்போது 9 கோடிக்கு மேற்பட்டோரின் தகுதியை அலுவலகங்கள் புதிதாகச் சோதிக்கவேண்டியிருந்தது. இடைப்பட்ட மூன்றாண்டுகளில் பணியில் சேர்ந்த எழுத்தர்களோ புதுப்பித்தல் வேலையைச் செய்து பழகாதவர்கள்.

முடிவில் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்டோர் நீக்கப்பட்டனர். அவர்களில் பத்துக்கு ஏழு பேர் அளவில், தகுதியில்லை என்று கண்டு நீக்கப்பட்டவர்களல்லர். படிவம் திரும்பி வரவில்லை, கடிதம் போய்ச் சேரவில்லை என்பன போன்ற நடைமுறைக் காரணங்களால் நீக்கப்பட்டவர்கள். இவர்களுள் தகுதியற்றோரும் இருந்திருப்பர், தகுதியுடையோரும் இருந்திருப்பர். யார் எவர் என்பதை மூடப்பட்ட கோப்பு சொல்லாது.

அதிலே கணிப்பொறிப் பிழை ஒன்றும் வெளிப்பட்டது. குழந்தைகளுக்கான வருமான வரம்பு பெற்றோருக்கான வரம்பைவிட உயர்ந்தது. ஆகவே, தந்தை தகுதி இழந்தாலும் மகள் தகுதி இழக்காதிருக்கலாம். தகுதியை ஒவ்வோர் ஆளுக்கும் தனித்தனியே பார்க்கவேண்டும் என்பது விதி. சுமார் 30 மாநிலங்களின் நிரல்கள் குடும்பத்தை ஒரே ஆளாகப் பார்த்தன. வீட்டில் ஒருவருடைய நிலை தெளிவாக இல்லாவிட்டால், வீடு முழுவதற்கும் படிவம் போயிற்று. படிவம் திரும்பாவிட்டால் குழந்தையும் சேர்ந்து நீக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் பிழை கண்டறியப்பட்டு, ஏறத்தாழ 5 இலட்சம் பேர் மீண்டும் சேர்க்கப்பட்டனர். இவர்களிற் பலர் குழந்தைகள்.

2000இல் கண்ட பிழைக்கும் 2023இல் கண்ட பிழைக்கும் வடிவம் ஒன்றே. சட்டம் பிரித்து வைத்ததை நிரல் சேர்த்து வைத்தது. இருமுறையும் அதன் விலையைக் கொடுத்தவர்கள் தகுதியுள்ள ஏழைகளே.

எண்ணும் பிழையும் எண்ணாத பிழையும்

புள்ளியியலில் முதற்பாடங்களுள் ஒன்று இரு வகைப் பிழைகளைப் பற்றியது. இல்லாததை உண்டென்பது ஒன்று. உள்ளதை இல்லையென்பது மற்றொன்று. ஒன்றைக் குறைக்கக் கடுமை காட்டினால் மற்றது பெருகும். ஸ்நாப் திட்டத்தில் ஆண்டுதோறும் பிழை வீதம் கணக்கிடப்படுகிறது. உதவி பெற்றவருக்குத் தரப்பட்ட தொகை கூடியதா, குறைந்ததா என்பதே அதன் அளவு. தகுதியிருந்தும் தவறாக மறுக்கப்பட்டவர்கள் வேறொரு கணக்கில் வருகின்றனர். முதற்கணக்கில் தவறினால் மாநிலத்துக்குப் பணத்தண்டனை உண்டு. இரண்டாவதில் தவறினால் அத்தகைய தண்டனை இல்லை.

2025ஆம் ஆண்டுச் சட்டம் இந்தச் சாய்வை மேலும் கூர்மையாக்கியது. ஸ்நாப்பின் நிருவாகச் செலவில் மாநிலம் ஏற்கும் பங்கு பாதியிலிருந்து முக்காலாக 2026 அக்டோபர் முதல் உயரவேண்டும் என்று அது விதித்தது. பிழை வீதம் 6 விழுக்காட்டை எட்டும் மாநிலங்கள், 2027 அக்டோபரில் தொடங்கும் நிதியாண்டு முதல் உணவு உதவித் தொகையிலேயே 5 முதல் 15 விழுக்காடு வரை ஏற்கவேண்டும் என்றும் விதித்தது. ஆட்செலவுக்கு மத்தியப் பணம் குறைகிறது; சோதனையோ கூடுகிறது. இந்நிலையில் எழுத்தர் என்ன செய்வார்? ஐயமுள்ள விண்ணப்பத்துக்கு இன்னும் ஒரு சான்று கேட்பார். கேட்ட சான்று வராவிட்டால் கோப்பை மூடுவார். அவர் கொடியவர் அல்லர். எந்தப் பிழை எண்ணப்படுகிறதோ அதற்கே அஞ்சுகிறார்.

இதன் பொருளை உணர நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. சென்ற ஆண்டு எனக்கும் என் விடுதித் தோழர் ஒருவருக்கும் உதவித்தொகை வழங்கிவந்த அலுவலகம், பருவத்தின் நடுவே வருமானச் சான்றிதழைப் புதிய படிவத்தில் கேட்டது. கெடு 15 நாள். நாங்களோ ஊரிலிருந்து இரண்டு இரவு இரயில் பயணத் தொலைவில் இருக்கிறோம். என் தந்தையார் இ-சேவை மையத்தில் மனுச் செய்து, கிராம நிருவாக அலுவலர் முதல் வட்டாட்சியர் வரை அலைந்து, கெடுவுக்கு முதல் நாள் சான்றிதழை அனுப்பிவிட்டார். தோழருக்குத் தந்தை இல்லை. அவருடைய தாயார் கூலி வேலைக்குப் போகிறவர்; ஒரு நாள் அலைந்தால் அன்றைய கூலி போய்விடும். சான்றிதழ் வந்தது 22ஆம் நாள். அவ்வாண்டு அவருக்கு உதவித்தொகை இல்லை. உணவு விடுதிக் கட்டணத்தை நாங்கள் நால்வர் பகிர்ந்து கட்டினோம். அவ்வலுவலகத்தின் பட்டியலில் அவர் 'புதுப்பிக்காதவர்'. எங்கள் இருவரில் அதிக வறுமை உடையவரே நீக்கப்பட்டார் என்பதைச் சொல்ல அப்பட்டியலில் கட்டம் இல்லை.

இரு மாநிலங்கள்

அலுவலகம் எவ்வாறு இசையக்கூடாது என்பதற்கும், எவ்வாறு இசையலாம் என்பதற்கும் ஒவ்வோர் உதாரணம் கூறி முடிக்கிறேன்.

ஆர்கன்சாஸ் மாநிலம் 2018 ஜூனில், மெடிக்கெய்ட் பெறுவோரில் ஒரு சாரார் மாதம் 80 மணி நேரம் வேலையோ அதற்கொப்பான பணியோ செய்ததைத் தெரிவிக்கவேண்டும் என்று விதித்தது. தெரிவிக்கும் வழி தொடக்கத்தில் இணையதளம் ஒன்றுதான். அத்தளமும் இரவு 9 மணி முதல் காலை 7 மணி வரை மூடியிருந்தது. பகலெல்லாம் உழைப்பவர் எப்போது தெரிவிப்பார்? அவ்வாண்டு முடிவதற்குள் 18,000க்கு மேற்பட்டோர் நீக்கப்பட்டனர். 2019 மார்ச்சில் நீதிமன்றம் அத்திட்டத்தை நிறுத்தியது. விதிக்கு உட்பட்டோரில் 95 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே நிபந்தனையை நிறைவேற்றியவர்கள் அல்லது விலக்குப் பெறவேண்டியவர்கள் என்றும், வேலைவாய்ப்பு அதனால் கூடவில்லை என்றும் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் அவ்வாண்டே கண்டு வெளியிட்டனர். மெடிக்கெய்டை விரிவாக்கிய மாநிலங்கள் இத்தகைய 80 மணி நேர நிபந்தனையை 2027 ஜனவரிக்குள் கொண்டுவரவேண்டும் என்பது 2025ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகளுள் ஒன்று.

லூசியானா மாநிலம் 2016 ஜூலையில் மெடிக்கெய்டை விரிவாக்கியபோது வேறு வழியில் சென்றது. உணவு உதவி பெறுவோரின் வருமான விவரம் முன்பே அரசின் கையில் இருந்தது. அதையே கொண்டு அவர்களுடைய மருத்துவத் தகுதியையும் முடிவு செய்தது. அவர்களை நீண்ட விண்ணப்பம் எழுதச் சொல்லாமல், சில கேள்விகளுக்கு மட்டும் விடை கேட்டுச் சேர்த்துக்கொண்டது. புதிய கொள்கையின் பாரத்தை அங்கே கோப்பறை சுமந்தது.

நண்பர்களே! நம்மிற் சிலர் நாளை அரசுப் பணியில் அமர்வோம். வேறு சிலர் அவ்வலுவலகங்களுக்கு நிரல் எழுதுவோம். புதிய விதி ஒன்று மேசைக்கு வரும் நாளில் மூன்று கேள்விகளைக் கேட்போம். நாம் கேட்கும் சான்று ஏற்கெனவே நம் கோப்பில் உள்ளதா? விடை வராவிட்டால் உதவி தானாக நிற்குமா, அல்லது ஓர் ஆள் போய் விசாரிப்பாரா? தவறாக விடுபட்டோரை எண்ண நம் பட்டியலில் ஒரு கட்டம் உண்டா? அந்தக் கட்டம் இருந்திருந்தால், என் தோழரின் பெயரை எவரேனும் ஒருவர் படித்திருப்பார்.