மல்டிமீட்டர் வாங்குமுன்

(இரண்டாமாண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

மின்னணுவியலைப் பொழுதுபோக்காகக் கொண்ட மாணவன் சாலிடரிங் அயர்னுக்கு அடுத்தபடியாக வாங்க விரும்பும் கருவி மல்டிமீட்டர். அம்மீட்டர், வோல்ட்மீட்டர், ஓம்மீட்டர் என்று ஆய்வக மேசையில் தனித்தனியே பரப்பி வைத்துச் செய்யும் வேலைகளை இந்த ஒரு பெட்டி செய்துவிடுகிறது. இங்கிலாந்து அஞ்சல் துறையில் பொறியாளராயிருந்த டொனால்டு மெக்காடி, பல கருவிகளைச் சுமந்து திரியும் தொல்லை தீர அவற்றை ஒன்றாக்கினார். அதுவே 1923-இல் விற்பனைக்கு வந்த ஏவோமீட்டர். ஆம்பியர், வோல்ட், ஓம் என்னும் மூன்றின் முதலெழுத்துகள் சேர்ந்ததே அப்பெயர்.

அன்று அது பொறியாளர் கையில் மட்டுமே இருந்த கருவி. இன்று இருநூறு, முந்நூறு ரூபாய்க்கும் மல்டிமீட்டர் கிடைக்கிறது. பத்தாயிரத்துக்கு மேலும் கிடைக்கிறது. ஆகவே நம் துறையின் முதலாண்டு நண்பர்கள், "எத்தனை ரூபாய்க்கு வாங்கலாம்?" என்று கேட்பதில் வியப்பில்லை. நான் அவர்களைத் திருப்பிக் கேட்பது, "எதை அளக்கப் போகிறீர்கள்?" என்பதே. பாட்டரியில் இயங்கும் சுற்றுகளை மட்டும் அளப்பதாயின் மிக மலிவான மீட்டரே போதும், அதன் குணத்தை அறிந்திருந்தால். சுவரிலுள்ள மின்சாரத்தைத் தொடுவதாயின் கணக்கு வேறு. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் ஆபத்து இருக்கிறது.

கடைகளில் மஞ்சள் நிறத்தில் தொங்கும் டி.டி.830 வகை மீட்டரை அறியாதார் இலர். 9 வோல்ட் பாட்டரி ஒன்றில் இயங்குவது. 1999 வரை காட்டும் மூன்றரை இலக்கத் திரை உடையது. இன்டர்சில் நிறுவனத்தின் ஐ.சி.எல்.7106 என்ற சில்லை மையமாகக் கொண்டு அமைந்த வடிவம் இது. இப்போது திறந்து பார்த்தால் அந்தச் சில்லுக்குப் பதிலாகக் கறுப்புப் பசைக்குள் புதைந்த ஒரு பொட்டுதான் தெரியும். நேர்மின்னழுத்தத்தில் இதன் துல்லியம் 0.5 விழுக்காடும் 2 இலக்கமும் என்று கையேட்டில் போட்டிருக்கும். பலர் விழுக்காட்டைப் படித்துவிட்டு இலக்கத்தை விட்டுவிடுகிறார்கள். 5 வோல்ட்டை 20 வோல்ட் வீச்சில் அளந்தால் விழுக்காட்டால் வரும் பிழை 0.025, கடைசி இடத்தில் 2 இலக்கம் என்பது 0.02, ஆக 0.045 வோல்ட். அதே 5 வோல்ட்டை 200 வோல்ட் வீச்சில் அளந்தால், கடைசி இலக்கத்தின் மதிப்பு 0.1 ஆகிவிடுவதால், பிழை 0.225 வோல்ட்வரை போகலாம். மீட்டர் ஒன்றே, கைப்பிடியைத் திருப்பியவர்தான் பிழையை ஐந்து மடங்காக்கினார்.

ஆனால் துல்லியத்தைவிட முக்கியமான ஒன்று உண்டு. அதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். அதுதான் மீட்டரின் உள்ளீட்டு மின்தடை. இதை ஏட்டில் படிப்பதைவிட ஒருமுறை செய்து பார்த்துவிடுவது நல்லது. செலவு இரண்டு மின்தடைகள் மட்டுமே.

9 வோல்ட் பாட்டரிக்குக் குறுக்கே இரண்டு 1 மெகா ஓம் மின்தடைகளைத் தொடராக இணையுங்கள். நடுப்புள்ளியில் 4.5 வோல்ட் இருக்க வேண்டும் என்பது பள்ளிப்பிள்ளைக்கும் தெரியும். ஆய்வகத்திலுள்ள முள் மீட்டர் ஒரு வோல்ட்டுக்கு 20,000 ஓம் என்ற வகையைச் சேர்ந்தது. அதை 10 வோல்ட் வீச்சில் வைத்தால் அதன் மின்தடை 2 லட்சம் ஓம். அது கீழே உள்ள 1 மெகா ஓமுக்குப் பக்க இணைப்பாகச் சேர்ந்தவுடன் அங்கே எஞ்சுவது ஏறத்தாழ 1.67 லட்சம் ஓம்தான், முள் 1.3 வோல்ட்டில் நின்றுவிடும். மஞ்சள் மீட்டரின் உள்ளீட்டு மின்தடை 1 மெகா ஓம். அது சரியாக 3 வோல்ட் காட்டும். 10 மெகா ஓம் உள்ள டிஜிட்டல் மீட்டர் 4.3 வோல்ட் காட்டும். நாங்கள் மூவர் மூன்று மீட்டர்களை வைத்துக்கொண்டு, எது பழுது என்று அரைமணி நேரம் வாதிட்டோம். எதுவும் பழுதில்லை. ஒவ்வொன்றும் தன் முன் இருந்த மின்னழுத்தத்தைச் சரியாகவே சொன்னது. அளக்கப் போனதும் அந்த மின்னழுத்தம் மாறிவிட்டது, அவ்வளவே.

இதனால் மஞ்சள் மீட்டர் பயனற்றது என்று பொருளில்லை. அதே சோதனையை 10 கிலோ ஓம் மின்தடைகளைக் கொண்டு செய்தால் அது காட்டும் குறைவு அரை விழுக்காடே. நாம் அமைக்கும் டிரான்சிஸ்டர் பெருக்கிகளிலும் 555 சில்லு கொண்ட சுற்றுகளிலும் பெரும்பாலும் இந்த அளவு மின்தடைகளே வரும். மெகா ஓம் கணக்கில் மின்தடை உள்ள இடங்களிலும், புலவிளைவு டிரான்சிஸ்டரின் கேட் முனையிலும்தான் அதை நம்பக்கூடாது.

வாங்கும் கடையிலேயே இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கடைக்காரரிடம் இரண்டு மீட்டர்களைக் கேளுங்கள். ஒன்றை 20 வோல்ட் நேர்மின்னழுத்த வீச்சிலும் மற்றொன்றை 2000 கிலோ ஓம் வீச்சிலும் வைத்து, இரண்டின் கம்பிகளையும் ஒன்றோடொன்று தொடுங்கள். ஓம்மீட்டரின் திரையில் 1000-ஐ ஒட்டிய எண் வந்தால் மற்றது 1 மெகா ஓம் மீட்டர். வீச்சைத் தாண்டியதற்கு அடையாளமாக இடப்பக்கம் 1 மட்டும் நின்றால் அது அதைவிட மேலானது. நான் இதைச் சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் செய்தபோது கடைக்காரர் முதலில் முறைத்தார். பிறகு தம் கடையிலிருந்த மற்ற மாதிரிகளையும் தாமே எடுத்து வைத்துச் சோதித்துப் பார்த்தார்.

சட்டைப்பையில் ஒரு விழுக்காட்டு மின்தடை ஒன்றையும் கொண்டு செல்வது நலம். பழுப்பு, கறுப்பு, கறுப்பு, பழுப்பு, பழுப்பு என்று ஐந்து பட்டைகள் இருந்தால் அது 1 கிலோ ஓம். மீட்டர் 990-க்கும் 1010-க்கும் அப்பால் வெகுதூரம் போனால் வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம். பின்பு இரு கம்பிமுனைகளையும் சேர்த்துத் தொட்டு, கம்பியை அதன் கழுத்தருகே ஆட்டிப் பாருங்கள். அரை ஓம் அளவில் நிலையாக நிற்க வேண்டிய எண் துள்ளினால் உள்ளே கம்பி அறுந்துகொண்டிருக்கிறது. மலிவு மீட்டர்களில் முதலில் சாவது இந்தக் கம்பியே. தொடர்ச்சியைச் சோதிக்கும்போது 'பீப்' என்று ஒலிக்கும் வசதி சில மலிவு மாதிரிகளில் இல்லை. அது இல்லாததை வாங்க வேண்டாம். டிரான்சிஸ்டரைச் செருகும் துளைகள், வெப்பநிலை அளவு முதலியவற்றுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் தரத் தேவையில்லை.

பாட்டரியைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. நான் ஒரு வாரத்தையும் கொஞ்சம் பணத்தையும் இதில் இழந்தவன். 7805 சில்லைக் கொண்டு ஒரு 5 வோல்ட் மின்வழங்கி செய்தேன். அதன் வெளியீடு 4.8-இலிருந்து 5.2-க்குள் இருக்க வேண்டும். என் மீட்டரோ 5.6 காட்டியது. சில்லு கெட்டது என்று முடிவுகட்டி இன்னொன்று வாங்கினேன், அதுவும் 5.6. மூன்றாவதும் அப்படியே. ஏழாம் நாள் துறை ஆய்வகத்து மீட்டரால் அளந்தால் மூன்றும் 5 வோல்ட்டை ஒட்டியே இருந்தன. என் மீட்டரின் பாட்டரி தளர்ந்துபோயிருந்தது. இவ்வகை மீட்டர் அளக்கப்படும் மின்னழுத்தத்தைத் தன்னுள் இருக்கும் ஒரு மேற்கோள் மின்னழுத்தத்தோடு ஒப்பிட்டே எண்ணைத் தருகிறது. பாட்டரி மிகவும் இறங்கினால் மேற்கோளும் இறங்கும்; உடனே எதிரே இருப்பது பெரிதாகத் தெரியும். படியைத் தேய்த்துவிட்டு அளந்தால் அரிசி அதிகப் படியாகத் தெரிவது போலத்தான். எச்சரிக்கைக் குறி என் மீட்டரில் தோன்றவே இல்லை. தோன்றும் என்று நம்பியிருந்தது என் தவறு.

இதுவரை சொன்ன தவறுகளால் போவது காலமும் காசும். வீட்டு மின்சாரத்தில் போவது உயிர். 230 வோல்ட் என்று நாம் சொல்வதன் உச்ச மதிப்பே 325 வோல்ட். இடி, பெரிய மோட்டார்கள் நிற்பது, ஓடுவது ஆகியவற்றால் கணநேரம் ஆயிரக்கணக்கான வோல்ட்டும் கம்பியில் எழும். அப்போது மீட்டருக்குள் தீப்பொறி பாய்ந்தால் அதைத் தொடர்ந்து மின்னோட்டம் முழுவதும் அவ்வழியே பாய்ந்து, மீட்டர் கையிலேயே வெடிக்கக்கூடும். இதற்காகத்தான் ஐ.இ.சி. 61010 என்னும் பன்னாட்டுத் தரத்தில் சி.ஏ.டி. என்ற பிரிவுகள் உள்ளன. இரண்டாம் பிரிவு பிளக்கில் செருகும் சாதனங்களுக்கு. மூன்றாம் பிரிவு கட்டடத்தின் நிலையான இணைப்புகளுக்கும் மின்பகிர்வுப் பலகைக்கும். நான்காம் பிரிவு மின்சாரம் கட்டடத்துக்குள் நுழையும் இடத்துக்கு. மூன்றாம் பிரிவு 600 வோல்ட் என்றிருந்தால் அந்த மீட்டர் 6000 வோல்ட் அதிர்வைத் தாங்க வேண்டும். கைப்பிடியைச் சுற்றி 750 என்று அச்சிட்டிருப்பதால் மட்டும் ஒரு மீட்டருக்கு இந்தத் தகுதி வந்துவிடாது.

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது என் பெரியப்பாவின் கிணற்று மோட்டார் உறுமியதே தவிர ஓடவில்லை. "டேய், காலேஜுல கரண்டுதானே படிக்கிறே? உன் மீட்டரை எடுத்துக்கிட்டு வா" என்றார். பெருமையோடுதான் போனேன். மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். மூன்று பேஸ், 415 வோல்ட். மீட்டரின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தேன். சி.ஏ.டி. என்ற எழுத்துகளே அங்கு இல்லை. முன்புறம் திருப்பியபோதுதான் அதைவிட மோசமானதைக் கண்டேன். முந்திய இரவு ஒரு பாட்டரியின் சார்ஜ் மின்னோட்டத்தை அளந்த பிறகு சிவப்புக் கம்பியை 10 ஆம்பியர் துளையிலேயே விட்டிருந்தேன். அத்துளைக்கு உள்ளே இருப்பது ஓமில் நூறில் ஒரு பங்கு போன்ற மின்தடையுள்ள ஒரு துண்டுக் கம்பி. அதற்கு ஃபியூஸ் கிடையாது என்று அருகிலேயே சிறிய எழுத்தில் போட்டிருக்கிறது. இரண்டு பேஸ்களில் அம்முனைகளை வைத்திருந்தால் என் கைக்குள்ளேயே குறுக்குச்சுற்று ஏற்பட்டிருக்கும்.

"இது முடியாது, பெரியப்பா" என்றேன். "இதுக்கா உன்னைப் படிக்க வெச்சோம்?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். அந்தச் சிரிப்பு எனக்குப் பல நாள் மறக்கவில்லை. பிறகு வயர்மேன் அண்ணன் வந்து, தொடராக இணைத்த இரண்டு குண்டு பல்புகளைக் கொண்டு ஒவ்வொரு இணையாகத் தொட்டுப் பார்த்தார். ஒரு பேஸின் ஃபியூஸ் போயிருந்தது. வேலை முடிந்ததும் என் மீட்டரை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது பேட்டரிக்கு, தம்பி. நீ தொடாம இருந்தது நல்லது" என்று பெரியப்பா காதுபடச் சொன்னார்.

ஆகவே, ஒரே ஒரு மீட்டர்தான் வாங்க முடியும், அதையே வீட்டு மின்சாரத்துக்கும் பயன்படுத்துவேன் என்பவர் ஓராயிரம் ரூபாயோ சற்று மேலோ சேரும்வரை பொறுத்திருக்கலாம். தன் பெயரைப் போட்டு முழுக் கையேட்டையும் வெளியிடும் நிறுவனத்தின் மாதிரியாக இருக்க வேண்டும். கையேட்டைச் செல்பேசியிலேயே இறக்கிப் படித்துவிட்டுக் கடைக்குப் போகலாம். 10 மெகா ஓம் உள்ளீடு, மூன்றாம் பிரிவு 600 வோல்ட், மின்னோட்டத்துக்கான துளைகள் அனைத்துக்கும் ஃபியூஸ், அதுவும் கண்ணாடிக் குழாயாக இல்லாமல் மணல் நிரப்பிய பீங்கான் ஃபியூஸ் ஆகியவற்றை அதில் தேடுங்கள். பாட்டரிச் சுற்றுகளோடு நிற்பவர் மஞ்சள் மீட்டரையே வாங்கி, மிச்சப் பணத்தில் மின்தடைகளும் டிரான்சிஸ்டர்களும் வாங்கிக்கொள்வது சிக்கனம்.

நான் இன்னும் பழைய மஞ்சள் மீட்டரையே வைத்திருக்கிறேன். புதிய பாட்டரி போட்ட தேதியை உள்மூடியில் எழுதியிருக்கிறேன். 10 ஆம்பியர் துளையின்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கிறது. தேவைப்படும்போது உரித்து, அளந்து முடித்ததும் மறுபடி ஒட்டிவிடுகிறேன்.