நிறை வேறு, எடை வேறு: தராசு சொல்லும் பாடம்



'நிறை', 'எடை' ஆகிய இரண்டு சொற்களையும் கடைவீதியில் நாம் ஒரே பொருளில்தான் பேசுகிறோம். பள்ளிப் பாடத்தில் இவை வெவ்வேறு. எலக்ட்ரானிக் தராசு கடைக்குக் கடை வந்துவிட்ட பிறகு, இந்த வேறுபாடு வியாபாரிக்கும் அவசியமாகிறது.

மூட்டைக்குள் சரக்கு எவ்வளவு இருக்கிறதோ, அது நிறை. இதன் அளவு கிலோகிராம். அந்தச் சரக்கைப் பூமி கீழே இழுக்கும் விசை, எடை. இதன் அளவு நியூட்டன். ஒரு கிலோ நிறையின் மீது விழும் இழுப்பை ஈர்ப்புப் புல வலிமை என்பார்கள். இது நிலநடுக்கோட்டில் 9.780 நியூட்டன், சென்னையில் சுமார் 9.783, துருவத்தில் 9.832. மலை ஏற ஏறக் குறையும். சந்திரனில் 1.62 மட்டுமே. ஒரு கிலோ துவரம்பருப்பை அங்கே கொண்டு போனாலும் ஒரு மணி கூடக் குறையாது. இழுப்பு மட்டும் ஆறில் ஒரு பங்காகும்.

தட்டுத் தராசில் ஒரு பக்கம் படிக்கல், மறுபக்கம் சரக்கு. இழுப்பு மாறினால் இரண்டுக்கும் ஒன்றாகவே மாறும். எனவே அது எந்த ஊரிலும் நிறையைச் சரியாகக் காட்டும்.

எலக்ட்ரானிக் தராசில் படிக்கல் இல்லை. தட்டின் கீழுள்ள லோட் செல், தன்மேல் விழும் விசையை உணர்ந்து, அதைக் கிலோவாக மாற்றிக் காட்டுகிறது. ஸ்பிரிங் தராசும் விசையைத்தான் அளக்கிறது. ஆகவே, சென்னையில் சரிசெய்த எலக்ட்ரானிக் தராசை அப்படியே ஊட்டிக்குக் கொண்டு போனால், 100 கிலோவுக்கு 50 கிராமுக்கு மேல் குறைத்துக் காட்டும். டெல்லியில் சரிசெய்ததைச் சென்னைக்குக் கொண்டு வந்தால் 80 கிராமுக்குச் சற்று மேல் குறையும். சில்லறையில் ஒரு கிலோ நிறுக்கும்போது இது அரை கிராம், ஒரு கிராம், திரையில் தெரியாது. மலையில் ஏலக்காய், மிளகு மூட்டையாகக் கொள்முதல் செய்பவருக்கோ, விற்கும் விவசாயிக்கு அந்தக் கிராம்களைத் தர மறந்த கணக்காகிவிடும்.

இன்னொன்றும் விளங்கும். வெளியூர் மூட்டையில் ஒரு கிலோ குறைந்தால், அதற்குப் பூமியின் இழுப்பைக் காரணம் சொல்ல முடியாது. சரக்கு காய்ந்திருக்கும், சிந்தியிருக்கும், அல்லது ஏற்றும்போதே குறைந்திருக்கும். அங்கே குறைந்தது நிறையேதான். சேதாரக் கணக்கில் இதைப் பிரித்துப் பார்த்தால் வீண் வழக்கு வராது.

நாம் செய்ய வேண்டியவை:

1. முத்திரையிட்ட படிக்கல் ஒன்றைக் கடையில் வைத்திருங்கள். தினமும் காலையில் அதைத் தராசில் வைத்துப் பாருங்கள்.

2. தராசை வேறு ஊருக்கு மாற்றினால், அந்த ஊரிலேயே சரிபார்த்து முத்திரை பெறுங்கள்.

3. வேறுபாடு தெரிந்தால் முத்திரையை நீங்களே உடைக்காதீர்கள். உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரை அழையுங்கள்.

4. சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009-ன் கீழ் வரும் மறுமுத்திரைத் தேதியைத் தவறவிடாதீர்கள்.

இழுப்பு ஊருக்கு ஊர் மாறலாம். வாடிக்கையாளர் கையில் சேரும் சரக்கின் நிறை மாறக்கூடாது. அந்த நம்பிக்கைதான் நமது முதல்.