ஊரிலுள்ள முதியோரும் தேகப் பயிற்சியும்

பினாங்கில் வியாபாரம் செய்யும் நம்மவரில் பலருக்குக் கடையநல்லூரிலும் இராமநாதபுரத்துக் கிராமங்களிலும் வயதான பெற்றோர் உண்டு. மாதந்தோறும் பணம் அனுப்புகிறோம். வேலைக்கு ஆள் அமர்த்தி, "நீங்கள் சும்மா இருங்கள்" என்றும் சொல்லிவிடுகிறோம். தீங்கு அங்கேதான் தொடங்குகிறது.

இங்கே தண்ணீர்மலைத் தோட்டத்தில் முதியோர் காலையில் நடக்கிறார்கள். ஊரில் நம் பெற்றோரோ திண்ணையை விட்டு எழுவதில்லை. உழைக்காத தசை முதுமையில் விரைந்து மெலியும், நடை தடுமாறும். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பலர் பழையபடி நடமாடுவதில்லை.

65 வயதானோரும் வாரம் 150 நிமிடமாவது சற்று வேகமாக நடப்பது போன்ற பயிற்சி செய்யவேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020ல் கூறியது. அத்துடன் வாரத்தில் 3 நாள், தடுமாறாமல் நிற்பதற்கும் வலுவுக்குமான பயிற்சியும் வேண்டுமாம். இதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. நாற்காலியில் கையூன்றாமல் சில முறை எழுந்து அமர்வதும், சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவதும் நல்ல தொடக்கம், காசு செலவில்லை. நெஞ்சுவலி, மூச்சிரைப்பு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டே தொடங்கவேண்டும்.

2021 ஆகஸ்ட் 5ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நடமாட இயலாதோருக்கு வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தருவதும் சேர்ந்திருக்கிறது. நம்மில் எத்தனை பேர் இதை விசாரித்தோம்? அடுத்த முறை ஊருக்குப் பேசும்போது, பணம் வந்ததா என்பதோடு, இன்று எவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்றும் கேளுங்கள்.