எண்ணெய் பூசி உருவும் தொழிலும் சட்டமும்

சுளுக்கு விழுந்தால் பரியாரியாரைத் தேடிப் போவது நமது கமக்காரக் குடும்பங்களின் வழக்கம். மூட்டை தூக்கி நாரி பிடித்தவருக்கும், மரத்தால் விழுந்து கை பிசகியவருக்கும் எண்ணெய் பூசி உருவி, பத்துப் போட்டுக் கட்டிவிட ஊரில் ஒரு முறிவு நெரிவு வைத்தியர் இருந்தார். அவரை எல்லாரும் அறிவர்; ஆகவே பதிவு உண்டா என்று யாரும் கேட்டதில்லை. இடம்பெயர்ந்த பின் நிலைமை வேறு. அடுத்த கொட்டிலில் இருப்பவர் எந்த ஊர் என்பதே தெரியாத இடத்தில், "நானும் வைத்தியர்தான்" என்று ஒருவர் சொன்னால் எதைக்கொண்டு நம்புவது?

1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. பெயர் ஆயுர்வேதம் என்றாலும் சித்தம், யுனானி, தேசிய சிகிச்சை ஆகியவையும் இச்சட்டத்துள் அடங்கும். வைத்தியர்களைப் பதிவு செய்வது ஆயுர்வேத மருத்துவ சபை. கல்லூரியில் படித்தவர் மட்டுமன்றி, தகப்பனிடமோ குருவிடமோ கற்ற பரம்பரை வைத்தியரும் தமது திறமையைக் காட்டிப் பதிவு பெறலாம். ஆனால் பதிவு துறைவாரியானது. முறிவு நெரிவு ஒன்று, விஷகடி ஒன்று, கண் நோய் ஒன்று. விஷகடிக்குப் பதிவு பெற்றவர் எலும்பு கட்டுவதற்குப் பதிவு பெற்றவர் ஆகார். இதைப் பலர் கவனிப்பதில்லை.

பதிவில்லாமல் பணம் வாங்கி வைத்தியம் செய்வது குற்றம். நல்ல சமாரியன் காயத்துக்கு எண்ணெய் வார்த்தபோது யாரும் அவனிடம் பத்திரம் கேட்கவில்லையே என்று ஒருவர் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் அவன் பணம் வாங்கவில்லை, இரண்டு தெனாரியம் கொடுத்துவிட்டல்லவா போனான்!

பதிவு பெற்றிருந்தும் இடம்பெயர்வில் பத்திரத்தைத் தொலைத்த வைத்தியர்கள் நம்மிடையே உண்டு. பத்திரம் போனதால் பதிவு போய்விடாது. பெயர் சபையின் பதிவேட்டில் இருக்கும். மாகாண சுதேச மருத்துவத் திணைக்களத்தில் விசாரித்து, பிரதி பெறும் வழியை அறியலாம். பல பிரதேச சபைகள் இலவச மருந்தகங்களை நடத்துகின்றன. அயலில் பதிவு பெற்றவர் யார் என்று அங்குள்ள வைத்தியரிடம் கேட்பது சுலபம்.

இனி, குமர்ப் பிள்ளைகள் உள்ள வீடுகள் ஆறுதலாக வாசிக்க வேண்டிய பகுதி. "கொழும்பில் ஆயுர்வேத மசாஜ் நிலையம், தங்குமிடம் உண்டு, பழக்கித் தருவோம்" என்று தரகர் வருகிறார். நல்ல நிலையங்கள் இருக்கின்றன. இது மரியாதையான தொழிலும்கூட. ஆனால் உடம்பு பிடிக்கும் தொழிலுக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. அந்த இடைவெளிக்குள்தான் கள்ள வியாபாரம் புகுகிறது.

தரகர் பெரும்பாலும் காட்டுவது வியாபாரப் பெயர்ப் பதிவுப் பத்திரம். முத்திரையும் கையொப்பமும் இருப்பதால் நாம் மயங்கிவிடுகிறோம். அந்தப் பத்திரம் கடையின் பெயர், உரிமையாளரின் பெயர் போன்ற பதிவு விவரங்களையே சொல்லும். உள்ளே நடப்பதற்கு உத்தரவாதம் அல்ல. உள்ளூராட்சி சபையின் அனுமதிப்பத்திரமும் அப்படியே. ஆயுர்வேதம் என்று பெயர்ப்பலகை போட்டிருந்தால், ஆயுர்வேதத் திணைக்களத்தின் பதிவு எங்கே, பொறுப்பான வைத்தியர் யார், அவரது பதிவிலக்கம் என்ன என்று கேளுங்கள். பழக்கித் தருவதாகச் சொன்னால், அந்தப் பயிற்சி நிலையம் மூன்றாம் நிலை மற்றும் வாழ்க்கைத்தொழில் கல்வி ஆணைக்குழுவில் பதிந்ததா, முடிவில் என்.வி.கியூ. சான்றிதழ் கிடைக்குமா என்று விசாரியுங்கள். நியமனக் கடிதம் தர மறுப்பவரை வாசலிலேயே அனுப்பிவிடலாம்.

1889ஆம் ஆண்டின் விபசார விடுதிகள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. மசாஜ் நிலையம் என்ற பெயரில் நடந்த விடுதிகளைப் பொலிசார் பலமுறை சோதனையிட்டு, அங்கிருந்த பெண்களை நீதிமன்றுக்குக் கொண்டுசென்றிருக்கிறார்கள். சம்பளத்துக்கு வந்த பிள்ளை அன்று அங்கே நிற்பாள். முதலாளி நிற்பாரா?

கூடிப் பேசுவதற்கு: உங்கள் குடியிருப்பில் உருவிக் கட்டுபவர்களில் பதிவு பெற்றவர் எத்தனை பேர்? பதிவில்லாத திறமைசாலி ஒருவர் இருந்தால், அவர் விண்ணப்பிக்க மாதர் சங்கமோ கமக்காரர் அமைப்போ எவ்விதம் உதவலாம்? வெளியூர் வேலைக்குப் போன பிள்ளைகளின் வேலைத்தள விலாசம் வீட்டில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா?