பன்னிரண்டாம் ஆட்டக்காரர்

விளையாட்டிற்கு இருவகை மாந்தர் வேண்டும். ஆடுவோர் ஒரு வகையினர். ஆட்டத்தைக் கண்டு களிப்போர் மற்றொரு வகையினர். ஆடுவோர் பெயரை உலகம் ஏட்டில் எழுதி வைக்கிறது. அவர்கள் வெற்றி பெற்றால் மாலை சூட்டுகிறது. வீதியெங்கும் ஊர்வலமாக அழைத்துச் செல்கிறது. காண்போர் பெயரையோ எவரும் எழுதி வைப்பதில்லை. வெயிலிலும் மழையிலும் காத்திருந்து, தொண்டை வறள ஆர்ப்பரித்து, ஆட்டம் முடிந்ததும் கூட்டத்தோடு கூட்டமாகக் கலைந்து போவதே அவர்தம் வழக்கம். ஆயினும், நாட்டின் அணியில் ஒருநாளும் ஆடாமல், கண்டு களித்த அளவிலேயே உலகத்தார் நெஞ்சில் இடம் பெற்றார் ஒருவர். அவரே பிரேசில் நாட்டைச் சேர்ந்த குளோவிஸ் அகோஸ்டா பெர்னாண்டஸ் என்பவர்.

தென் அமெரிக்கக் கண்டத்தில் மிகப் பெரிய நாடு பிரேசில். அந்நாட்டின் தென்கோடியில் ரியோ கிராண்டே டோ சுல் என்னும் மாநிலம் அமைந்துள்ளது. அர்ஜென்டினாவும் உருகுவேயும் அதன் எல்லையை ஒட்டிய நாடுகள். பரந்த புல்வெளிகளில் குதிரையேறி ஆநிரை மேய்த்த மக்கள் வாழ்ந்த நிலம் அது. அம்மக்களைக் ‘கவுச்சோ’ என்று அழைத்தனர். நாளடைவில் அம்மாநிலத்தார் அனைவர்க்கும் அதுவே பெயராயிற்று. வெயிலை மறைக்கும் அகன்ற தொப்பி அவர்தம் மரபின் அடையாளங்களுள் ஒன்று. அத்தகைய தொப்பியைத் தலையில் அணிந்து, அடர்ந்த மீசையோடும் மலர்ந்த முகத்தோடும் விளங்கியவர் குளோவிஸ். அதனாலேயே ‘உலகக் கோப்பைக் கவுச்சோ’ என்னும் பொருள்பட அந்நாட்டு மக்கள் அவரை அன்போடு அழைத்தனர்.

குளோவிஸ் எளிய வணிகர். பீட்சா என்னும் இத்தாலிய உணவை ஆக்கி விற்பது அவர் நடத்திய தொழில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலியிலிருந்து குடிபெயர்ந்தோர் பலர் அம்மாநிலத்தில் வந்து தங்கினர். ஆதலால் அங்கு இத்தாலிய உணவு வழங்குவது இயல்பே. உணவுத் தொழில் ஓய்வறியாத தொழில். பிறர் உழைத்துக் களைத்து மாலையில் இளைப்பாறும் வேளையே உணவு ஆக்குவோர் மிகுதியாக உழைக்க வேண்டிய வேளை. அனலின் வெம்மை உடலை வாட்டினாலும், வருவோரை இன்முகம் காட்டி வரவேற்றாக வேண்டும். அத்தொழிலை விடுத்து, 1990ஆம் ஆண்டு இத்தாலியில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியைக் காணப் புறப்பட்டார் குளோவிஸ். அன்று தொடங்கிய பயணம் அவர்தம் வாழ்நாள் முழுதும் ஓயவில்லை.

பிரேசில் மக்களுக்குக் கால்பந்து வெறும் பொழுதுபோக்கு அன்று. அது அவர்தம் வாழ்வோடு கலந்த ஒன்று. 1950ஆம் ஆண்டு தம் சொந்த மண்ணில், ரியோ டி ஜெனீரோ நகரின் மரக்கானா அரங்கில், உருகுவேயிடம் 1–2 என்னும் கணக்கில் தோற்று அவர்கள் கண்ணீர் வடித்தனர். பின்னர் 1958, 1962, 1970ஆம் ஆண்டுகளில் கோப்பையை வென்று அத்துயரை ஆற்றிக்கொண்டனர். அதன் பிறகு இருபது ஆண்டுகள் வெற்றியின்றிக் கழிந்திருந்த நிலையிலேதான் குளோவிஸ் இத்தாலிக்குச் சென்றார். அங்கும் பிரேசில் அணி அர்ஜென்டினாவிடம் தோற்று வெளியேறியது. முதற் பயணமே ஏமாற்றத்தில் முடிந்தது. எனினும் அவர் மனம் தளரவில்லை.

1990 முதல் 2014 வரை ஏழு உலகக் கோப்பைப் போட்டிகளை அவர் கண்டார். தென் அமெரிக்க நாடுகளுக்குள் நடக்கும் போட்டிகளுக்கும் சென்றார். ஏறத்தாழ அறுபது நாடுகளில், நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் தம் நாட்டு அணிக்காக அவர் குரல் கொடுத்தார். ஓர் அணியில் ஆடுவோர் பதினொருவர்; குளோவிஸைப் ‘பன்னிரண்டாம் ஆட்டக்காரர்’ என்று போற்றினர். செல்லுமிடமெல்லாம் உலகக் கோப்பையைப் போன்றே செய்யப்பட்ட கோப்பை ஒன்றை அவர் கையில் ஏந்திச் சென்றார். மெய்யான கோப்பை பொன்னால் ஆகியது, 36.8 சென்டிமீட்டர் உயரமும் ஆறு கிலோவிற்குச் சற்று மேற்பட்ட எடையும் உடையது. அதனை ஏந்தும் பேறு வென்ற அணியினர்க்கே கிட்டும். குளோவிஸ் ஏந்தியதோ பொன்னின் மதிப்பில்லாத படியே. ஆயினும் அதனை அவர் பெற்ற பிள்ளையைப் போல மார்போடு அணைத்துக் காத்தார்.

அவர் கண்ட ஏழு போட்டிகளையும் எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். அவற்றுள் பிரேசில் கோப்பையை வென்றவை இரண்டே. 1994ஆம் ஆண்டு அமெரிக்காவில் இத்தாலியை வென்றது. 2002ஆம் ஆண்டு ஜப்பானின் யோகோஹாமா நகரில் ஜெர்மனியை 2–0 என்னும் கணக்கில் வென்றது. 1998ஆம் ஆண்டு பாரிசை அடுத்து நடந்த இறுதி ஆட்டத்தில் பிரான்சிடம் தோற்றது. 2006ஆம் ஆண்டு மீண்டும் பிரான்சிடமும், 2010ஆம் ஆண்டு நெதர்லாந்திடமும் தோற்றுத் திரும்பியது. வெற்றியை மட்டும் விரும்புவோர் இத்தனை தோல்விகளைக் கண்டபின் வீட்டிலேயே இருந்துவிடுவர். அன்பு கொண்டவரோ தோல்வியைக் கண்டு விலகுவதில்லை. பழமரத்தை நாடும் பறவை பழம் தீர்ந்ததும் பறந்துவிடும். அம்மரத்தின் வேரோ வறட்சியிலும் அதனைத் தாங்கி நிற்கும். குளோவிஸ் வேரைப் போன்றவர்.

2014ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டி பிரேசில் நாட்டிலேயே நடைபெற்றது. 1950இல் இழந்ததை அந்த மண்ணிலேயே மீட்கலாம் என்று மக்கள் பெருநம்பிக்கை கொண்டிருந்தனர். குளோவிஸோ அப்போது புற்றுநோயால் வருந்திக்கொண்டிருந்தார். பல ஆண்டுகளாக உடலை அரித்த அந்நோய் அவர்தம் ஊக்கத்தை மட்டும் அரிக்க இயலவில்லை. வழக்கம் போலத் தொப்பியும் கோப்பையுமாக அவர் அரங்கிற்கு வந்தார்.

சூலைத் திங்கள் 8ஆம் நாள், பெலோ ஒரிசோன்டே நகரின் மினெய்ராவ் அரங்கில், அரையிறுதி ஆட்டத்தில் பிரேசிலும் ஜெர்மனியும் மோதின. பிரேசிலின் சிறந்த ஆட்டக்காரராகிய நெய்மார் முந்திய ஆட்டத்தில் முதுகெலும்பில் அடிபட்டுப் படுக்கையில் இருந்தார். அணித்தலைவர் தியாகோ சில்வாவும் ஆட இயலாதவாறு தடை பெற்றிருந்தார். 11ஆம் நிமிடத்தில் ஜெர்மனி முதற் கோல் அடித்தது. பின்பு 23ஆம் நிமிடத்திற்கும் 29ஆம் நிமிடத்திற்கும் இடையே நான்கு கோல்கள் அடுத்தடுத்து விழுந்தன. அரங்கம் செயலற்று அமர்ந்தது. ஆட்டம் முடிந்தபோது ஜெர்மனி ஏழு கோல்களும் பிரேசில் ஒரு கோலும் அடித்திருந்தன. உலகக் கோப்பை வரலாற்றில் அதற்குமுன் எந்த அரையிறுதி ஆட்டத்திலும் ஓர் அணி ஏழு கோல்கள் அடித்ததில்லை.

அரங்கில் இருந்தோருள் சிலர் தம் அணியினரையே இகழ்ந்து கூவினர். சிலர் பாதியிலேயே வெளியேறினர். குளோவிஸ் வெளியேறவில்லை, எவரையும் இகழவுமில்லை. கோப்பையைக் கன்னத்தோடு சேர்த்து அணைத்தவாறு கண்ணீர் சிந்தினார். அக்காட்சியைப் படமெடுத்து உலகெங்கும் உள்ள செய்தித்தாள்கள் வெளியிட்டன. பிரேசிலின் துயரமெல்லாம் அந்த ஒரு முகத்தில் திரண்டு நின்றது போல் தோன்றிற்று.

அவர் அழுததோடு நின்றிருந்தால் அது இயல்பான செய்தியாகவே முடிந்திருக்கும். ஆட்டம் முடிந்த பின்னர் அவர் செய்த செயலே அவரை உயர்த்தியது. ஜெர்மன் அணியை ஆதரித்து வந்திருந்த இளநங்கை ஒருத்தியை அவர் அணுகினார். நெடுங்காலம் எவரிடமும் விட்டுக்கொடாத அன்போடு தாம் ஏந்தி வந்த சின்னமாகிய கோப்பையை அவளிடம் நீட்டினார். இறுதி ஆட்டத்திற்கு இதனைக் கொண்டு செல்க என்றார். இந்நிலையை எய்துவது எளிதன்று, ஆயினும் நீவிர் அதற்குத் தகுதி உடையீர் என்று வாழ்த்தினார். கண்ணீர் உலராத முகத்தோடு அவர் கூறிய வாழ்த்து அது. ஐந்து நாள் கழித்து மரக்கானா அரங்கில் ஜெர்மனி 1–0 என்னும் கணக்கில் அர்ஜென்டினாவை வென்று மெய்யான கோப்பையையும் பெற்றது.

பொன்னை உரைத்துப் பார்க்கக் கட்டளைக்கல் இருப்பது போல, மனிதனின் சால்பை உரைத்துப் பார்க்கும் கல் தோல்வியே என்பது வள்ளுவர் கருத்து. வெற்றியில் மகிழ்வது எவர்க்கும் எளிது. தோல்வியில் பிறர்மீது பழி சுமத்துவதும் எளிது. நடுவரைக் குறை கூறுவர் சிலர். களத்தைக் குறை கூறுவர் சிலர். எதிரணியைப் பகைவராகவே கருதுவர் வேறு சிலர். தம் அணிமேல் கொண்ட அன்பிற்குப் பகையுணர்ச்சியே சான்று என்று அவர்கள் எண்ணுகின்றனர். அது பிழை என்பதைக் குளோவிஸின் வாழ்வு காட்டுகிறது. அவரினும் மிகுந்த அன்போடு அவ்வணியை ஆதரித்தவர் அரியர். அன்று அவரினும் பெருந்தன்மையோடு எதிரணியை வாழ்த்தியவரும் அரியர். அன்பும் நடுநிலையும் ஒரு நெஞ்சில் ஒருங்கே வாழ இயலும்.

2015ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 16ஆம் நாள், தம் அறுபதாம் வயதில், குளோவிஸ் இயற்கை எய்தினார். 2018ஆம் ஆண்டு ரஷ்ய நாட்டில் அடுத்த உலகக் கோப்பைப் போட்டி நடந்தபோது, அவருடைய புதல்வர்கள் தந்தையைப் போலவே தொப்பி அணிந்து, அத்தகைய கோப்பை ஒன்றை ஏந்தி அரங்கில் தோன்றினர். தந்தை விட்டுச் சென்ற இருக்கை வெறுமையாகவில்லை.

ஆடுகளத்தில் பதினொருவர்க்கே இடமுண்டு. பன்னிரண்டாம் இடமோ அரங்கில் அமரும் ஒவ்வொருவர்க்கும் உரியது. ஆர்ப்பரிக்கும் குரல் மட்டும் அவ்விடத்தைப் பெற்றுத் தருவதில்லை. தோற்ற தன்னவரைக் கைவிடாமலும், வென்ற பிறரை வாழ்த்தத் தவறாமலும் இருப்பவரே அவ்விடத்தில் அமரத் தக்கவர்.

வினாக்கள்

1. குளோவிஸைப் ‘பன்னிரண்டாம் ஆட்டக்காரர்’ என்று போற்றியது ஏன்?
2. குளோவிஸை மரத்தின் வேரோடு ஒப்பிட்டிருப்பதன் பொருத்தத்தை விளக்குக.
3. 2014ஆம் ஆண்டு அரையிறுதி ஆட்டத்தின்போதும் அதன் பின்னரும் குளோவிஸ் நடந்துகொண்ட முறையை உம் சொற்களில் எழுதுக.
4. உம் பள்ளி அணி தோற்ற ஆட்டம் ஒன்றை நினைவுகூர்ந்து, அன்று காண்போர் எவ்வாறு நடந்துகொண்டனர், எவ்வாறு நடந்திருக்க வேண்டும் என்பதை ஒரு பக்க அளவில் வரைக.