எஃப்-டிராய்டில் கோரிக்கை வைப்பது எப்படி?

உங்கள் ஆண்ட்ராய்டு போனில் எஃப்-டிராய்டு இருக்கிறதா? 2010-ல் தொடங்கிய திறந்த மூலச் செயலிகளின் களஞ்சியம் அது. பராமரிப்பவர்களில் பலர் தன்னார்வலர்கள். அதனால், கோரிக்கை சரியான இடத்துக்குப் போகணும். இல்லேன்னா கிடப்பில் கிடக்கும்.

முதலில் பிரச்சினை எதுன்னு பாருங்க.

1. செயலி பாதியில் நின்றுபோகிறதா? அதை உருவாக்கியவரிடம் சொல்லுங்க. செயலியின் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு இருக்கும்.

2. உருவாக்கியவர் புதுப் பதிப்பை வெளியிட்டும் களஞ்சியத்தில் பழசே நிற்கிறதா? மூல நிரலிலிருந்து தாங்களே செயலியைத் தயாரிப்பதால் சில நாள் ஆகும். அதற்கு மேலும் வரலேன்னா, கிட்லாப் தளத்தில் ‘எஃப்டிராய்டு டேட்டா’ பகுதியில் எழுதுங்க. பழைய பதிப்பில் பாதுகாப்பு ஓட்டை இருந்தால் ஆபத்து உங்கள் போனுக்குத்தான்.

3. புதிய செயலி சேர்க்கணுமா? அதற்கு ‘ஆர்.எஃப்.பி.’ என்று தனிப் பகுதி உண்டு. கட்டற்ற உரிமமும், எல்லோரும் பார்க்கக்கூடிய மூல நிரலும் கட்டாயம்.

அனுப்பும் முன், வேறு யாராவது அதையே கேட்டிருக்காங்களான்னு தேடுங்க. ஒரு கோரிக்கையில் ஒரே விஷயம். செயலியின் பெயர், பதிப்பு எண், மூல நிரல் இணைப்பு ஆகியவற்றை மறக்காம சேருங்க.

கவனம்: நீங்கள் எழுதுவதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். போன் எண், ஆதார் எண் எதையும் போடாதீங்க. ஸ்கிரீன்ஷாட்டிலும் அவை தெரியக் கூடாது.